அரை டாக்டரின் மஞ்சள் புத்தகம்

தெருவில் எல்லோரும் அவரை அரை டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அதுவும் முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராக. அவரும் கோபப்படாமல் நின்று, உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். கோபம் வராததற்குக் காரணம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் அவர் வேலை பார்த்தது பதினாலாம் நம்பர் அறையில். அதனால் தன்னை 'அறை டாக்டர்' என்று மரியாதையாக அழைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சின்ன ர போட்டால் பாதி, பெரிய ற போட்டால் ரூம். வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். யாராவது எழுதிக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். பட்டப்பெயரை யார் எழுதிக் காட்டுகிறார்கள்?

பதினாலாம் நம்பர் அறையில் நோயாளிகள் கிடையாது. அது துணிக் கிடங்கு. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி, பிறந்த குழந்தையைச் சுற்றும் வெள்ளைத் துணி, இவை சலவைக்குப் போவதையும் திரும்பி வருவதையும் எண்ணி நோட்டில் குறிப்பதுதான் அவர் உத்தியோகம். ஆனால் முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி அழுக்கை எண்ணியவனுக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லாத வைத்திய ஞானம் தானாக வந்துவிடும் என்பது அவர் கட்சி. "விரிப்பைக் காட்டு, வியாதியைச் சொல்றேன்" என்பார். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஒருமுறை இருமலோடு வந்தபோது, இருமல் நெஞ்சில் இல்லை, மெத்தையில் இருக்கிறது என்று சொல்லி, தினமும் மெத்தையைப் புரட்டிப் போடச் சொன்னார். அந்த மனுஷனும் இரண்டு வாரம் புரட்டிப் புரட்டிப் போட்டுவிட்டு, கடைசியில் நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்பது நாளும் அரை டாக்டர் போய், விரிப்பை ஒழுங்காக மாற்றுகிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று ஒரு பழமொழி இருக்கிறது. அது பேர் இல்லை, வேர், ஆயிரம் வேரைப் பறித்துப் பழகியவன்தான் அரை வைத்தியனாவது ஆவான் என்று படித்தவர்கள் திருத்துவார்கள். நம்மவருக்கு இரண்டு பாடமும் பொருந்தாது. அவர் ஒரு வேரையும் பறித்ததில்லை. ஆட்டோக்காரர் பிழைத்துக்கொண்டதால் பேர் கணக்கும் இன்னும் தொடங்கவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு வெளிநாடு போகும் யோகம் வந்தது. கல்யாணமாகிக் கடல் கடந்து போன ஒரே மகளுக்கு எட்டாம் மாதம். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று அங்கே டாக்டர்கள் ஒரு திங்கட்கிழமையைக் குறித்துவிட்டார்கள். அம்மாவை அனுப்பி வைங்கப்பா என்றுதான் மகள் போனில் கேட்டாள். அவள் தனியாக எப்படி வருவாள், நானும் வருகிறேன் என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டார். பிறகு மகள், சரி, ரெண்டு பேரும் வாங்க என்றாள். அந்தத் திங்கட்கிழமைக்கு ஆறு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று.

மனைவிக்குத் துணை என்பதெல்லாம் சும்மா. அவர் போக ஆசைப்பட்டது வேறு காரணத்துக்காக. மகள் பிறந்த அன்று, மனைவிக்கு ரத்தம் தேவைப்படுகிறது, வீட்டுக்காரர் எங்கே என்று பிரசவ வார்டிலிருந்து ஆள் அனுப்பித் தேடினார்கள். வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடி கீழே, பதினாலாம் நம்பர் அறையைத் தாழ்போட்டுக்கொண்டு விரிப்பு அடுக்குகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ரத்தம் கொடுக்க அவருக்கு மறுப்பில்லை. ரத்தத்தை எடுக்க ஊசி குத்துவார்கள் என்பதுதான் சங்கடம். கடைசியில் மைத்துனன் ஓடிவந்து கொடுத்தான். மறுநாள் சாயங்காலம் போய், மேலதிகாரிகள் கிடங்கைச் சோதனை போட வந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மகளை முதன்முதலாகப் பார்த்தார். அந்த வார்டுக்கு எத்தனை ஆயிரம் வெள்ளைத் துணி அனுப்பியிருக்கிறார். ஒரு குழந்தையை, பிறந்த சூட்டோடு அந்தத் துணியில் சுற்றி எடுத்து வரும்போது கை நீட்டி வாங்கிக்கொண்டவர் இல்லை அவர். இந்தத் தடவையாவது அறை வாசலில் நிற்க வேண்டும், முதல் ஆளாக வாங்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஊசிப் பயம் மட்டும் வெளியே தெரியாமல் இத்தனை வருஷம் காப்பாற்றிவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கெல்லாம் தடுப்பூசி போடும்போது அவருக்கு மட்டும் அன்றைக்குப் பார்த்துச் சலவைக்காரரோடு அவசரத் தகராறு இருக்கும். காய்ச்சல் வந்தால் மாத்திரை, மாத்திரை கேட்காவிட்டால் இன்னொரு மாத்திரை. மனைவி வீட்டில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அவள் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தால் இவருக்கு வாசலில் வேலை வந்துவிடும். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் ஒரு குண்டூசிக்கு நடுங்குகிறார் என்று தெரிந்தால் அந்த அறை என்ன ஆகும், டாக்டர் என்ன ஆவார்?

பயண ஏற்பாடு முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். ஒரு பை நிறைய மருந்து சேர்ந்தது. வயிற்றுப்போக்குக்கு ஒன்று, போகாவிட்டால் ஒன்று, தலைசுற்றலுக்கு, காதடைப்புக்கு, கொசுக்கடிக்கு, இன்னும் எதற்கென்று கண்டுபிடிக்கப்படாத வியாதிக்கு இரண்டு. அந்த நாட்டில் முதல் மூன்று நாள் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, மறுபடி கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்றார். விமானத்தில் கால் வீங்காமலிருக்க இரண்டு பேரும் மணிக்கு ஒருமுறை எழுந்து இருபது அடி நடக்க வேண்டும் என்று சொல்லி, வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒத்திகையும் பார்த்தார். மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து, வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் வீட்டில் அதிகம் பேசுவது அந்த நேரத்தில்தான். குண்டூசி வாயில் இருக்கும்போது யாராலும் குறுக்கே பேச முடியாது.

அப்போதுதான் மகள் போன் செய்து அந்தக் குண்டைப் போட்டாள். இந்த நாட்டுக்குள் வர வேண்டுமென்றால் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்க வேண்டும். போட்டதற்கு அடையாளமாக மஞ்சள் நிறத்தில் சின்னப் புத்தகம் தருவார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருந்தால்தான் அது செல்லும். இல்லாவிட்டால் அங்கேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இதை மகள் இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு உயிர் போனது. மஞ்சள் என்ற சொல் விழுந்ததும் உயிர் திரும்பியது. மஞ்சள்தானே? அவர் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஒரு மாதம் படுத்துக் கிடந்தவர். ஒருமுறை வந்தவனுக்கு அதே வியாதி மறுபடி வருமா? அம்மை வந்தவனுக்கு அம்மை வருமா? மஞ்சள் வந்தவனுக்கு மஞ்சள் வராது, ஆக அந்த ஊசி உன் அம்மாவுக்குத்தான் வேண்டும், எனக்குத் தேவையில்லை என்று மகளிடம் ஆறுதலாகச் சொன்னார். மகள் அங்கிருந்து ஏதோ கத்தினாள். போன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அவருக்குத் தேவையான நேரத்தில் எந்த போனும் சரியாகக் கேட்டதில்லை.

தடுப்பூசி மையம் துறைமுகச் சுகாதார அலுவலகத்தின் முதல் மாடியில் இருந்தது. புதன்கிழமை மட்டும்தான் திறப்பார்கள். மனைவிக்குத் துணையாகத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவரும் போனார். பெயரைப் பதிவு செய்தவள் மகள், அதனால் பட்டியலில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. ஒரு நீள பெஞ்சு, சுவரில் உலகப் படம், மூலையில் வெப்பமானி தொங்கும் ஒரு குளிர்பெட்டி, மேஜைக்குப் பின்னால் ஒரு நர்ஸ். அவள் வயது அவர் மகள் வயதுதான் இருக்கும். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கிறது, திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்குள் பத்துப் பேருக்கும் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வீண் என்று அவள் பொதுவாக எல்லோருக்கும் சொன்னாள். அன்றைக்குப் பட்டியலில் சரியாகப் பத்துப் பேர். அரை டாக்டர் பத்தாவது. பதினோராவதாக ஒரு கப்பல் சமையல்காரன், யாராவது வராமல் போனால் தனக்குக் கிடைக்குமா என்று கதவோரம் நின்றுகொண்டிருந்தான்.

முதலில் ஒரு படிவம். என்னென்ன நோய், என்னென்ன மருந்து, முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேள்விகள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டுமாம். அரை டாக்டருக்கு முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்து, ஒத்துக்கொள்ளாது என்று எழுதப் போனவர், பக்கத்தில் இருக்கும் மனைவியின் பார்வையைக் கவனித்தார். அன்று காலை அவர் சாப்பிட்டுவிட்டு வந்தது இரண்டு முட்டை. இன்னும் ஒன்று இருக்கிறதா என்று கேட்டதும் அவர்தான். பேனாவை மூடிவிட்டு நேராக நர்ஸிடம் போய், தனக்குப் பன்னிரண்டு வயதிலேயே மஞ்சள் வந்து போய்விட்ட செய்தியைத் தெரிவித்தார்.

"அது காமாலைங்க ஐயா. ஈரல் கெட்டுக் கண்ணு மஞ்சளாகுறது. இது கொசு கடிச்சு வர்ற காய்ச்சல். பேர்லதான் மஞ்சள் ஒண்ணு, வியாதி வேற" என்றாள் நர்ஸ்.

"இந்தக் காய்ச்சல்ல கண்ணு மஞ்சளாகாதா?"

"ஆகலாம். அதனாலதான் அந்தப் பேரு."

"அப்ப?" என்று கேட்டுவிட்டு, வழக்கில் ஜெயித்த வக்கீலைப் போல அவர் பெஞ்சில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பிரயோஜனம்? நர்ஸ் பொறுமையாக இன்னொரு முறை சொன்னாள். தான் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் என்று இவர் சொன்னார். எந்தப் பிரிவில் என்று அவள் மரியாதையாகவே கேட்டாள். பதினாலாம் நம்பர் என்றார். அப்படி ஒரு பிரிவு அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே திரைக்குப் பின்னால் குப்பியைத் திறந்தாயிற்று. முதல் ஆள் கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தான். திரை விலகிய இடைவெளியில் ஊசி ஒரு கணம் அரை டாக்டரின் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். முழங்கால் இரண்டும் அவரைக் கேட்காமலே வாசல் பக்கம் திரும்பின. ஒன்பது பேர் முடிந்து அவர் பெயரைக் கூப்பிட்டபோது, இதை நன்றாக ஆராய்ந்துவிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும் என்று அறிவித்தார். நர்ஸ் அவரை ஒரு முறை பார்த்தாள், கதவோரம் ஒரு முறை பார்த்தாள். கப்பல் சமையல்காரன் சட்டைக் கையை ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்தான்.

மனைவி கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, மஞ்சள் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வலித்ததா என்று கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டார். எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்றாள். எறும்பு என்றால் எந்த எறும்பு என்று அவருக்குள் ஒரு கேள்வி எழுந்தது, ஆனால் கேட்கவில்லை.

கீழே பஸ் நிறுத்தத்தில் அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, இன்னைக்குப் போட்டாதான் பத்து நாள் கணக்கு வரும். அடுத்த புதன்னா வராது. இன்னொரு குப்பி திறக்க ஆள் சேருதான்னு கேட்டுட்டு வரட்டுமா? இன்னும் மூடலை."

அந்தப் பெண் நேற்றுப் படித்துவிட்டு இன்றைக்கு வந்தவள், காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது போல, ஊசி போடுகிறவளுக்கு எவனைப் பார்த்தாலும் கைதான் தெரியும் என்றார் அவர். எல்லா மஞ்சளையும் ஒன்றாகப் பார்க்கிற கண் யாருடையது என்று அவருக்குத் தோன்றவில்லை. பழமொழி சொல்கிறவர்களுக்கு அது தங்களைப் பற்றியது என்று என்றைக்குத் தோன்றியிருக்கிறது? பஸ் வந்தது, ஏறினார்கள்.

ஆனாலும் ஒரு காகிதம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி என்பதே காகிதம்தான். பழைய பழக்கத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஒரு காலத்தில் அவர் நாற்காலிக்குப் புதுத் துணியாகப் பார்த்துப் பார்த்து அனுப்பிய நன்றி இருந்தது. அவரிடம் போய்ச் சான்றிதழ் கேட்டார். பல் டாக்டர் எழுதலாமா, கூடாதா என்று கொஞ்ச நேரம் நெற்றியைச் சொறிந்துவிட்டு, பொய் வராமல் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தின் தலையில் சிரிக்கிற பல் படம். கீழே, இவர் பன்னிரண்டு வயதில் மஞ்சள் காமாலையால் அவதிப்பட்டதாகத் தெரிவிக்கிறார், இவருடைய பற்கள் நல்ல நிலையில் உள்ளன என்று இரண்டு வரி. கையெழுத்து, முத்திரை. முத்திரையைப் பார்த்ததும் அரை டாக்டருக்குப் பாதி உலகத்தைச் சுற்றி வந்த தெம்பு வந்தது.

சனிக்கிழமை மகள் மறுபடி கூப்பிட்டாள். அவள் குரல் களைத்திருந்தது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம், காலெல்லாம் வீக்கமாம். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

"அப்பா, ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"எல்லாம் ஆச்சும்மா. நீ எதையும் யோசிக்காத."

மெஷின் சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தபோது மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் குத்தி வைத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள், மறுபடி கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள், பெற்ற பெண்ணை நம்ப வைத்துக் கழுத்தை அறுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னாள். உண்மைதான் சொல்லியிருக்கிறேன், எல்லாம் ஆகிவிட்டது, சான்றிதழ்கூட இருக்கிறது என்றார். அவள் கடிதத்தைக் கேட்டு வாங்கி, பல் படத்திலிருந்து முத்திரை வரை நிதானமாகப் படித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவருக்கு அவள் ஒத்துக்கொண்டுவிட்ட மாதிரி இருந்தது. அன்று அவள் தன் துணிகளைப் பெரிய பெட்டியிலிருந்து எடுத்து, சின்னப் பெட்டியில் தனியாக அடுக்கினாள். ஒரே பெட்டி தொலைந்துபோனால் கஷ்டம் என்று முன்யோசனையாகச் செய்கிறாள், எல்லாம் நம் பழக்கம் என்று அவர் பெருமைப்பட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை தெருவே வந்து வழியனுப்பியது. ஆட்டோக்காரர்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் அவருடைய மெத்தை இப்போது எப்படி இருக்கிறது என்று அரை டாக்டர் விசாரித்துக்கொண்டு வந்தார். மெத்தை நன்றாக இருக்கிறது, எனக்குத்தான் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார் அந்த மனுஷன்.

கவுண்டரில் வரிசை நீளமாக இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் விமானத்தின் வால் தெரிந்தது. மனைவி பாஸ்போர்ட்டையும் மஞ்சள் புத்தகத்தையும் நீட்டினாள். கவுண்டர் பெண் தேதியைப் பார்த்தாள், விரல் விட்டு எண்ணினாள், தலையசைத்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினாள். அரை டாக்டர் பாஸ்போர்ட்டையும் கடிதத்தையும் கொடுத்தார்.

அவள் கடிதத்தை மேலிருந்து கீழே படித்தாள். மறுபடி மேலே போனாள்.

"சார், இது பல் டாக்டர் லெட்டர்."

"டாக்டர்தானே?"

"மஞ்சள் காய்ச்சலுக்குப் புத்தகம் இருக்கா சார்?"

இவர் பன்னிரண்டு வயதிலிருந்து தொடங்கினார். கண் மஞ்சளானது, ஒரு மாதம் படுத்தது, வந்தவனுக்கு வராது என்ற விதி, அம்மை, முப்பத்தோரு வருஷம், பதினாலாம் நம்பர் அறை எல்லாம் வரிசையாக வந்தன. பின்னால் இருந்தவர்கள் பெட்டிகளை மாற்றி மாற்றி நிற்க வைத்தார்கள். பக்கத்துக் கவுண்டரிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து கடிதத்தைப் பார்த்தார். பல் நல்ல நிலையில் இருப்பது சந்தோஷம், ஆனால் அந்த நாட்டில் பல்லைப் பார்த்து உள்ளே விடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைச் சிரிக்காமல் சொன்னதுதான் அதிகமாகச் சுட்டது.

இங்கேயே இப்போதே ஊசி போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டார் அரை டாக்டர். அந்தக் கேள்வி தன் வாயிலிருந்தா வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். இப்போது போட்டாலும் இன்னும் பத்து நாள் கழித்துத்தான் ஏற முடியும் என்றாள் கவுண்டர் பெண். பாஸ்போர்ட்டைக் கடிதத்தோடு சேர்த்து, மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது. அவர் ஒரு நிமிஷம் நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டு, சரி, வா, வீட்டுக்குப் போகலாம், டிக்கெட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்று சொல்லத் திரும்பினார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவர் இல்லாமல் துணிக்கடையைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் திரும்பியபோது அவளுடைய சின்னப் பெட்டி எடைப் பலகையில் ஏறி, வார்ப்பட்டையில் நகர்ந்து, ரப்பர்த் திரைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. போர்டிங் சீட்டு அவள் கையில் இருந்தது.

"நீ தனியா எப்படிப் போவ?" என்றார்.

"கேட்டுக் கேட்டுப் போவேன். எனக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல வாய் இருக்கு."

அவள் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "ஊசின்னா உங்களுக்குப் பயம்னு எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். எனக்குப் பயமா இருக்கு, கூட வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பேன். நீங்க என்னடான்னா காமாலையைக் கூட்டிட்டு வந்தீங்க."

திங்கட்கிழமை குழந்தையை யார் வாங்குவார்கள் என்று கேட்க அவர் வாயெடுத்தார். அதற்குள் அவள் சோதனை வாசல் வரிசையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். முன்னால் நிற்கும் ஒரு பெண்ணிடம், இப்படித்தானே போகணும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவளுக்குக் கையைக் காட்டி விளக்கினாள். கடைசியாக அவள் திரும்பிப் பார்த்தாளா என்றால், பார்த்தாள். ஆனால் நிற்கவில்லை.

மருந்துப் பையும் பெரிய பெட்டியும் அவரோடு நின்றன. வெளியே ஆட்டோக்காரர் இன்னும் போகவில்லை. என்ன சார் ஆச்சு என்று அவர் கேட்டபோது வயிறு சரியில்லை, இந்த நிலைமையில் பயணம் கூடாது என்று நானே முடிவு பண்ணினேன் என்று சொல்ல அரை டாக்டருக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. விடவில்லை என்றார். ஏன் என்று ஆட்டோக்காரர் கேட்டார். ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்றார். அந்த மனுஷன் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

மறுநாள் புதன்கிழமை. மையம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் அவர் பெயர் முதலாவதாக ஏறியது. அதே நர்ஸ். அவள் அவரை மறந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். அவள் மறக்கவில்லை.

"ஆராய்ச்சி முடிஞ்சுதுங்களா ஐயா?"

அவர் படிவத்தை நீட்டினார். முட்டை ஒத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். நர்ஸ் புதிய மஞ்சள் புத்தகத்தில் அவர் பெயரை எழுதி, தேதி போட்டு, எந்த நாளிலிருந்து செல்லும் என்ற கட்டத்தை நிரப்பி அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். அடுத்த வாரம் சனிக்கிழமை. அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் எண்ணியவருக்குத் தப்பாக எண்ணத் தெரியாது. சனிக்கிழமையே ஏறினாலும் குழந்தைக்கு அன்று ஐந்து நாள் ஆகியிருக்கும். மகளையாவது இரண்டாம் நாள் பார்த்தார்.

கூட யாரும் வரவில்லையா என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் திரையை விலக்கினாள். யாரும் இல்லை என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டப் போனால் பொத்தான் கழலவில்லை. அவள் குனிந்து அதைக் கழற்றிவிட்டாள்.

"சிஸ்டர்" என்றார். "எனக்கு ஊசின்னா பயம்."

ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக அதைச் சொன்னார். சொன்னதும் கூரை இடிந்து விழவில்லை, யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் பஞ்சால் தோளைத் துடைத்தபடி, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா, அந்தப் பக்கம் உலகப் படத்தைப் பாருங்க என்றாள். அவர் பார்த்தார். மகள் இருக்கும் நாடு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அதற்குள் அவள் முடிஞ்சுது என்றாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்குங்க."

அவர் பஞ்சை அழுத்திப் பிடித்தார். இதற்காகத்தானா, இந்த ஒரு எறும்புக்காகத்தானா என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்க இன்னொரு கை இருந்தும் துடைக்கத் தோன்றவில்லை. நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிடப் போனவள் நின்று, ரொம்ப வலிக்குதா என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார். "வலிக்கவே இல்லை."